குறைந்த அணுக் கணக்கு ஆறுதல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியா மூளையுறை அழற்சிக்கு (மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பாக்டீரியா தாக்கும் நோய்க்கு) ஆளான பெரியவர்களில் யார் தேறுவார், யார் நிலை மோசமாகும் என்பதை ஓரிரு ஆய்வக அளவுகளே சொல்லிவிடும் என்ற தொனியில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரை நுண்ணோக்கியில் வைத்து அணுக்களை எண்ணுவதே என் அன்றாட வேலை என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒருமுறை நோயாளியின் மகன், அறிக்கையில், தொற்றை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்கள் சில நூறு மட்டுமே இருப்பதைக் காட்டி, "அப்படியென்றால் தொற்று லேசானதுதானே?" என்று நிம்மதியோடு கேட்டார். ஆரோக்கியமானவரின் தண்டுவட நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 வெள்ளணுக்களுக்கு மேல் இருப்பதில்லை. இந்நோயில் அது பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே, அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் உண்மை நேர்மாறானது. கிருமிகள் பெருகும் வேகத்துக்கு உடல் ஈடுகொடுக்க முடியாதபோதும் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். நெதர்லாந்தில் 696 நோய் நிகழ்வுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், முதுமை, மங்கிய சுயநினைவு, வேகமான இதயத்துடிப்பு, இரத்தத்தில் கிருமி வளர்தல், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் குறைவு ஆகியவற்றோடு தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பதும் மோசமான விளைவுக்கான அறிகுறியாகவே இடம்பெற்றது. அதே ஆய்வில், இந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் நிமோகாக்கஸால் தாக்கப்பட்டோரில் 30 சதவீதத்தினரும், மெனிஞ்சோகாக்கஸால் தாக்கப்பட்டோரில் 7 சதவீதத்தினரும் இறந்தனர் என்பதால், எந்தக் கிருமி என்று தெரியாமல் அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணிப்பதில் பொருளில்லை.

வெளியே அதிகம் பேசப்படாத சங்கடம் ஒன்றும் உண்டு. தண்டுவட நீர் எடுக்கப்பட்ட குழாய் அறை வெப்பத்தில் மேசைமேல் கிடந்தால், அதிலுள்ள நியூட்ரோபில் எனும் வகை வெள்ளணுக்கள் சிதைந்து, இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகிவிடக்கூடும். அப்போது நான் எழுதும் எண் நோயாளியின் நிலையைக் காட்டுகிறதா, குழாய் காத்துக்கிடந்த நேரத்தைக் காட்டுகிறதா என்று எனக்கே தெரியாது. தண்டுவட நீரில் அளக்கப்படும் லாக்டேட் என்ற வேதிப்பொருளின் அளவும் அப்படித்தான். வைரஸ் தொற்றிலிருந்து பாக்டீரியா தொற்றைப் பிரித்தறிய அது நன்றாக உதவினாலும், முன்னரே ஆன்டிபயாட்டிக் செலுத்தப்பட்டிருந்தால் அதன் நம்பகத்தன்மை குறைந்துவிடுகிறது.

இந்த முடிவுகளுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. ஆன்டிபயாட்டிக்கின் முதல் ஊசி தாமதமாகத் தாமதமாக இறப்பு கூடும். யாரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிக்க வேண்டும் என்று தீர்மானிக்கவே, மருத்துவரின் நேரடிப் பரிசோதனையோடு சேர்த்து, இவை பயன்பட வேண்டும். அதற்கு, தண்டுவட நீர் எடுத்த நேரம், அணுக்களை எண்ணிய நேரம், ஆன்டிபயாட்டிக் முன்னரே செலுத்தப்பட்டதா என்ற விவரம் ஆகிய மூன்றையும் ஒவ்வோர் அறிக்கையிலும் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட ஆய்வகங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக மருத்துவர்