கேட்க ஓர் ஆள் வேண்டும்: பால்டிமோர் கறுப்பின மாணவர்களுக்காக ஒரு வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களே,

நம் வீட்டுப் பிள்ளை டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டால் நாம் முதலில் என்ன செய்வோம்? தெரிந்த டாக்டர் ஒருவருக்கு போன் போடுவோம். அத்தை மகனோ, கோயிலில் பார்க்கிற அங்கிளோ, யாராவது இருப்பார். எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை எப்போது எழுதுவது, பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது, நேர்காணலுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். பால்டிமோரில் எங்கள் வழிகாட்டல் குழு சனிக்கிழமைதோறும் சந்திக்கும், டாக்டராக ஆசைப்படும் கறுப்பின மாணவர்களில் பலருக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள் அவர்கள்.

போன வருடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு. இரவில் மருந்துக் கடையில் வேலை, காலையில் வகுப்பு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘சி’ வாங்கியதும், “உனக்கு மருத்துவம் சரிவராது, வேறு பாடம் எடு” என்று கல்லூரியில் ஒருவர் சொல்லிவிட்டார். எங்களிடம் வந்தபோது, பாடம் மாற்றும் படிவத்தில் கையெழுத்துகூடப் போட்டு பைக்குள் வைத்திருந்தாள். எங்கள் குழுவில் சிறுநீரக மருத்துவரான அக்கா ஒருவர் இருக்கிறார். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “நான் முதல் வருடம் அனாட்டமியில் ஃபெயில். திரும்ப எழுதித்தான் பாஸ் பண்ணினேன்” என்றார். சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் நூலகம் மூடும்வரை இரண்டு பேரும் பலகையில் வேதிவினைகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தார்கள். படிவம் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. வருகிற ஏப்ரலில் அவள் எம்கேட் எழுதுகிறாள்.

அமெரிக்க மக்களில் சுமார் 13 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். மருத்துவர்களில் அவர்கள் சுமார் 6 சதவீதம்தான். இந்த இடைவெளி தானாக வந்ததில்லை. மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்றிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. எங்கள் ஊரில் வாழ்ந்த கறுப்பினத்தவரான விவியன் தாமஸையே பாருங்கள். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கியோடு போய்விட்டது. ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். 1944இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உடல் நீலம் பாரித்த குழந்தைக்கு முதல் இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்குக்குப் பின்னால் ஸ்டூல் மேல் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் அவர்தான். 1976இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். மருத்துவராக மட்டும் அவரால் ஆகவே முடியவில்லை.

கை கொடுக்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் இதே வட்டாரத்தில் பார்க்கிறோம். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் அறிவியல் படிக்கும் மாணவர்களுக்குக் கைகொடுக்கும் மேயர்ஹாஃப் திட்டம் 1988இல் தொடங்கியது. கறுப்பின விஞ்ஞானி கிஸ்மேகியா கார்பெட் அதில் வளர்ந்தவர். மாடர்னா கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளம் போட்ட அரசு ஆய்வுக் குழுவின் முன்வரிசையில் நின்றவர். பள்ளிக்கூட நாட்களிலேயே கோடை விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் அவர். அதனால்தான் கோடைப் பயிற்சிக்கும் சேர்த்து உங்களிடம் உதவி கேட்கிறோம். சம்பளமில்லாத பயிற்சிக்கு, வாடகை கட்ட வேண்டிய பிள்ளை எப்படிப் போகும்?

சரி, கணக்குக்கு வருவோம். இந்த ஆண்டு எங்களிடம் 18 மாணவர்கள். எம்கேட் கட்டணமே 300 டாலருக்கு மேல். விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிக் கட்டணம். புத்தகம், பஸ் செலவு வேறு. ஒருவருக்கு 1,200 டாலர் வீதம் 21,600 ஆகிறது. நான்கு பேருக்குக் கோடை ஆய்வக உதவித்தொகை தலா 4,000. மொத்தம் 37,600 டாலர். கையில் 9,400 இருக்கிறது. மீதி 28,200 டாலர் பிப்ரவரி 15க்குள் வேண்டும். குழுவில் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. செலவுக் கணக்கு, கொடுத்த ஒவ்வொருவருக்கும் வந்து சேரும்.

இங்குள்ள தமிழர்களிடம் இதை உரிமையோடு கேட்கிறோம். 1965க்கு முன்பு இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் அளவில்தான் குடியேற்ற ஒதுக்கீடு. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி, அடிபட்டு, சிறைக்குப் போய் 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே குடியேற்றச் சட்டமும் மாறியது. அப்போது திறந்த கதவு வழியாகத்தான் நம் டாக்டர்களும் எஞ்சினியர்களும் உள்ளே வந்தோம். அந்தக் கடனில் கொஞ்சமாவது அடைப்போமே.

50 டாலரும் எங்களுக்குப் பெரிய தொகைதான். பணம் கொடுக்க முடியாதவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வாருங்கள். வேதியியல் சொல்லிக்கொடுக்கவும், மாதிரி நேர்காணல் நடத்தவும் ஆள் போதவில்லை. நல்ல நிலையில் உள்ள கோட்டு, ஷூ இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். போன தடவை இரண்டு பையன்கள் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டுதான் நேர்காணலுக்குப் போனார்கள்.

அன்புடன்,
மாணவர் வழிகாட்டல் குழுவினர்,
பால்டிமோர்