எட்டு மாதத்தில் ஏது நொட்டாங்கை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 13, இடதுகைப் பழக்கமுடையோர் நாளையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். பிள்ளைகளை அடித்து வலது கைக்கு மாற்றாதீர்கள் என்று எழுதியிருந்தது முற்றிலும் சரி. அரசுப் பள்ளி ஆசிரியையான நானும் பெற்றோரிடம் பல தடவை சொன்னதுதான். ஆனால், சில குழந்தைகள் தவழும் வயதிலேயே இடது கையால் பொருளை எடுத்துத் தங்கள் தனித்தன்மையைக் காட்டிவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. பதினோரு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரித்த வரி அது.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். கிலுகிலுப்பையை வலப்பக்கம் நீட்டினாலும் உடம்பையே திருப்பி இடது கையால்தான் வாங்குவாள். “நொட்டாங்கைக்காரி, கெட்டிக்காரியா வருவா” என்றார் என் மாமனார். எனக்கும் பெருமைதான். குளிப்பாட்டுகிற ஆச்சி மட்டும், “சோத்துக்கைய விரிக்கவே மாட்டேங்கா, உள்ளங்கைக்குள்ள அழுக்கு சேருது பாரு” என்பார். மூடிய விரல்களுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரலை எண்ணெய் தொட்டு மெல்ல வெளியே எடுத்துத்தான் தினமும் துடைப்பார். வீட்டிலேயே சரியாகக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னதை நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடக்க ஆரம்பித்தபோது வலது காலை நுனிவிரலில் ஊன்றினாள். அதற்குப் பிறகுதான் ஸ்கேன். மூளையின் இடது பாதியில் ரத்தக்குழாய் அடைபட்டு ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது, பிறப்பை ஒட்டி நடந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பக்கவாதம். அது தாத்தாக்களுக்கு வருவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்த இரண்டாம் நாள் வலது கை மட்டும் சில நொடிகள் விட்டுவிட்டுத் துடித்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிரசவம் நடந்த இடத்தில் சொன்னபோது, “குளிருக்கு நடுங்குது, போர்த்தி விடுங்க” என்றார்கள். பச்சிளம் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் வருகிற வலிப்பு இந்த அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாமாம். நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தக்கட்டி நகர்ந்து போயிருக்கலாம் என்றார் டாக்டர். பல குழந்தைகளிடம் காரணமே பிடிபடுவதில்லையாம். கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணம் என்று சொன்ன சொந்தக்காரர்களை இன்னும் மறக்கவில்லை.

எந்தக் கை பழக்கம் என்பது சாதாரணமாக ஒன்றரை, இரண்டு வயதுக்குப் பிறகுதான் தெளிவாகும். ஒரு வயதுக்குள் பிள்ளை ஒரே கையை நம்பியிருந்தால், மற்றக் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த அடைப்பு வலப்பக்கத்தைவிட மூளையின் இடப்பக்கத்தில்தான் அதிகம் வருகிறது. மூளையின் இடது பாதி இயக்குவது வலது கையைத்தான். அதனால் வலது கை சோர்ந்து, பிள்ளை இடது கைக்காரி போலத் தெரிகிறது. வலப்பக்கம் அடைபட்ட பிள்ளையின் பாடு இன்னும் மோசம். அது சோற்றுக்கையாலேயே எல்லாம் செய்யும். யாருக்கும் சந்தேகமே வராது.

சிகிச்சை என்று சொன்னால் விளையாட்டுதான். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, வலது கையால் மட்டும் பந்து, பாசி, சொப்பு என்று தினமும் இரண்டு மணி நேரம். கத்தித் தீர்ப்பாள். நான் அடுக்களைக்குப் போனால் ஆச்சி உறையைக் கழற்றிவிடுவார். அப்படியும் இப்படியுமாக அந்தக் கை இன்று ஓர் உதவிக்கை. டப்பாவைப் பிடித்துக்கொள்ளும், மூடியை இடது கை திறக்கும். சடை பின்ன மட்டும் முடியவில்லை.

கையோடு போயிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். “சின்ன மூளைதானே, தானா சரியாயிடும்” என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மை. 1930களில் மூளை ஆய்வாளர் மார்கரெட் கென்னார்ட் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த நம்பிக்கை இது. பேச்சைப் பொறுத்தவரை உண்மையும்கூட. பெரியவர்களுக்கு அதே இடத்தில் அடைத்தால் பேச்சு போய்விடும். பிறந்த குழந்தையின் மூளையோ மொழியை வலது பாதிக்கு மாற்றிக்கொள்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எலிசா நியூபோர்ட் குழுவினர் 2022இல் இதைத்தான் காட்டினார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல, இடப்பக்கம் இருக்க வேண்டியது வலப்பக்கம் இருந்தது. என் மகளும் வாயாடிதான்.

ஆனால் ஒரு பாதி மூளை இரண்டு பாதியின் வேலையைச் சுமக்கும்போது எங்காவது இடம் நெருக்கும். அது வயதுக்கு ஏற்ற வேலை வரும்வரை வெளியே தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பு வரை முதல் வரிசை. நான்காம் வகுப்பில், பார்த்த திருவிழாவைப் பற்றிச் சொந்தமாக எழுது என்றபோது தேர், ராட்டினம், பஞ்சுமிட்டாய் எல்லாம் இருந்தது. எது முதலில், எது அப்புறம் என்பது இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பாசிரியர் “கவனம் இல்லை, சோம்பல்” என்று எழுதி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபது வருடப் பணியில் நானும் எத்தனை பிள்ளைகளுக்கு அதையே எழுதியிருப்பேனோ. கொஞ்சம் நொண்டினால் இரக்கப்படுகிறோம், மெதுவாக யோசித்தால் கோபப்படுகிறோம். மாற்றுத்திறனாளி சான்றுக்குப் போனாலும் கையையும் காலையும்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். அன்று கிராம சுகாதார செவிலியர் நல்ல கையை லேசாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைப் பக்கம் ஒரு பொம்மையை நீட்டிப் பார்த்தால் போதும், ஒரு நிமிட வேலை. சந்தேகம் வந்தால் அனுப்புவதற்கு இடமும் இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். எனக்கு அது தெரிந்தபோது மகளுக்கு மூன்று வயது.

அந்த ஒரு வரியைத் திருத்தி, கட்டம் கட்டிச் சின்னதாக ஒரு குறிப்பு போடுங்கள். முதல் பக்கத்தில் கேட்கவில்லை, ராசிபலனுக்குப் பக்கத்தில் போட்டாலும் சரி. அதைத்தான் எங்கள் ஊரில் எல்லாரும் படிக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையை இத்துடன் இணைத்திருக்கிறேன். வலது கையால் பேப்பரை அழுத்திப் பிடித்துக்கொண்டு மகள்தான் வெட்டிக் கொடுத்தாள். ஓரம் கோணலாக இருக்கிறது. கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறீர்களே, கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்காரர்களுக்காகச் செய்தது என்று.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்