ஓட்டுக் கணக்கைக் கூட்டிப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பட்டிமன்றத்துக்காக நீ அனுப்பிய குறிப்பைப் படித்தேன். "ஹிட்லரை ஜெர்மானிய மக்களே ஓட்டுப் போட்டுச் சர்வாதிகாரி ஆக்கினார்கள்" என்ற முதல் வரியை எடுத்துவிடு. 1932 ஜூலைத் தேர்தலில் நாஜிகள் வாங்கியது 37.3 சதவீதம், நவம்பரில் அது 33.1 ஆக இறங்கியது. இறங்கிய பிறகுதான், 1933 ஜனவரி 30 அன்று, குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைச் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) ஆக்கினார். அந்த அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூன்றே பேர்.

உன் பேச்சை 1930-லிருந்து தொடங்கு. வைமர் அரசியல் சட்டத்தின் (அன்றைய ஜெர்மன் குடியரசின் அரசியல் சட்டம்) 48-ஆம் பிரிவு, நெருக்கடி வந்தால் குடியரசுத் தலைவர் அவசர ஆணை போடலாம் என்றது. அதை ரத்து செய்யும் உரிமை நாடாளுமன்றத்துக்கு இருந்தது. அந்த ஜூலையில் சான்சலர் புரூனிங்கின் நிதித் திட்டம் சபையில் தோற்றது. அதையே ஆணையாகக் கொண்டுவந்தார். சபை ரத்து செய்தது. உடனே 25-ஆம் பிரிவைக் காட்டிச் சபையையே கலைத்துவிட்டு, ஆணையை மறுபடி போட்டார்கள். எனக்கு இதுதான் உண்மையான திருப்பம்: ரத்து செய்தால் சபையே போய்விடும் என்றால் அந்த உரிமையால் என்ன பயன்? 1931-ல் சபை இயற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932-ல் சட்டங்கள் வெறும் 5.

1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே, அதே 48-ஆம் பிரிவின் கீழ் பேச்சு, கூட்டம், சங்கம், தபால் ரகசியம் உட்பட ஏழு உரிமைப் பிரிவுகளை நிறுத்திவைத்தார்கள். 1945 வரை அவை திரும்பவில்லை.

எதிரணி மார்ச் 5 தேர்தலைத்தான் கையில் எடுக்கும். எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறையில் தள்ளி நடத்திய அந்தத் தேர்தலிலும் நாஜிகளுக்கு 43.9 சதவீதம்தான், 647 இடங்களில் 288.

இனி மார்ச் 23. நாடாளுமன்றம் இல்லாமலே அமைச்சரவை சட்டம் போட வழிவிடும் அதிகாரமளிப்புச் சட்டம் அன்று ஓட்டுக்கு வந்தது. அது அரசியல் சட்டத்தையே மீறக்கூடியது. அதனால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 432 பேர் அவையில் இருக்க வேண்டும். வாக்களிப்பவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரிக்க வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 120, கம்யூனிஸ்டுகளுக்கு 81, ஆக 201 பேர். இவர்களோடு இன்னும் 15 பேர் வராமல் இருந்தால் போதும், தேவையான வருகை எண்ணிக்கை (கோரம்) இல்லை. இதை அடைக்க அவை விதியையே மாற்றினார்கள்: தக்க காரணமின்றி வராதவரும் வந்தவராகவே கணக்கு. கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஒருவரைக்கூட உள்ளே விடவில்லை. சமூக ஜனநாயகர்களில் வர முடிந்தது 94 பேர். குரோல் ஓபரா மண்டபத்தில் சீருடைப் படையினர் சூழ்ந்து நிற்க, அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து சொன்னார்: "எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது." அந்த 94 பேரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். இதை நீ நிறுத்தி, நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஆதரவு 444. அதில் 70-க்கும் மேற்பட்டவை கத்தோலிக்க மையக் கட்சியின் ஓட்டுகள். அதன் தலைவர் காஸ், உரிமைகளுக்கு உத்தரவாதம் தரும் கடிதத்தை ஹிட்லரிடம் கேட்டிருந்தார். வருகிறது என்று சொன்னார்கள். ஓட்டெடுப்பு முடிந்தது, கடிதம் வரவேயில்லை. ஜூலை 5 அன்று அந்தக் கட்சி தானாகவே கலைந்தது. 14-ஆம் தேதி நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

அன்புடன்,
அண்ணன்