‘4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ என்ற பில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் காலம் தொடங்கிவிடும். மஞ்சக்குப்பத்தில் கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் அதற்கு முன்பே பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். ‘4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ என்று மட்டும் எழுதிய பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கிராபிக்ஸ் கார்டு என்பது திரைக் காட்சிகளை வரையும் பாகம். ‘4 ஜி.பி.’ என்பது அதன் நினைவக அளவு மட்டுமே.

சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் அண்மையில் மகனோடு வந்தார். கணினி விளையாட்டு திக்கித் திக்கி ஓடியதால், யாரோ சொன்னதைக் கேட்டு 16 ஜி.பி. ராமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை) 32 ஆக்கியிருந்தார்கள். பிறகு கோப்புகளை வேகமாகத் திறக்கும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யும் போட்டார்கள். விளையாட்டு விரைவாகத் திறந்தது. ஆடத் தொடங்கினால் அதே திக்கல். திறந்து பார்த்தால், உள்ளே 2014-இல் வெளிவந்த ஜிடி 730 கார்டு, அதுவும் டிடிஆர்3 என்ற வேகம் குறைந்த நினைவகம் கொண்டது. விற்றவர் ‘4 ஜி.பி.’ என்று சொன்னதில் பொய் இல்லை. ஜிடிஎக்ஸ் 1650 என்ற வேறொரு கார்டுக்கும் அதே 4 ஜி.பி.தான். ஆனால் அதன் ஜிடிடிஆர்5 நினைவகம் நொடிக்கு 128 ஜி.பி. தரவைக் கடத்தும், டிடிஆர்3 வகை ஜிடி 730 அதில் கால் பங்கைக்கூட எட்டாது. திரையில் ஓடும் ஒவ்வொரு காட்சியையும் வரைவது கார்டு. அது தளர்ந்து நிற்கும்போது ராமை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது. எனக்கு மனம் ஆறவில்லை.

கணினியின் மூளையான பிராசசரைக் குறிக்கும் இன்டெல் ‘ஐ7’ ஸ்டிக்கரும் இப்படித்தான் ஏமாற்றுகிறது. 2011-இன் ஐ7-2600-ஐவிட 2022-இன் ஐ3-12100 விளையாட்டில் நன்றாகவே முந்தும். பிராசசர் எந்தத் தலைமுறை என்று கேட்டு வாங்குங்கள்.

செலவே இல்லாமல் சரியாகும் குறைகளும் உண்டு. நல்ல கார்டு இருந்தும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பார்கள். கார்டில் மாற்றிச் செருகினால் போதும். நொடிக்கு 144 முறை காட்சியை மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸ் அமைப்பில் 60-லேயே கிடக்கும். அந்த அமைப்பை மாற்றினால் போதும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத் தெருக்களில் உப்பு ஈரத்தோடு தூசு, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் அப்பிக்கொள்கிறது. சூடு ஏறியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புதிய பாகம் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். தனிக் கிராபிக்ஸ் கார்டே இல்லாத கணினியென்றால், ராமை ஒற்றையாகப் போடாமல் இரண்டு சமமான ஸ்டிக்குகளாகப் போடுவது விளையாட்டில் கண்கூடாகத் தெரியும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வாங்கும் பொருளின் தரத்தை அறியும் உரிமையை நமக்குத் தருகிறது. கடலூர் கடைக்காரர்கள் கார்டின் முழுப் பெயரையும் நினைவக வகையையும் பில்லில் எழுதித் தர வேண்டும். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் இதைத் தங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.