கொதித்தாறினாலும் ஈயம் போகாது

ஆசிரியருக்கு,

ஹட்டன் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில் பைப் மாற்றக் கழற்றினால், ஆணியால் கீறியதும் வெள்ளி போல மின்னுகிற சாம்பல் நிறக் குழாய் ஒன்று வந்தது. ஈயம், தண்ணீரில் மெல்லக் கரையும் நஞ்சு உலோகம். "கொதித்தாறிய தண்ணீர்தானே குடிக்கிறீர்கள்" என்றார் வீட்டுக்காரர். சரி, கொதித்தால் கிருமி சாகும், ஈயம் போகாதே, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், ஆனாலும் பிள்ளைகளுக்கு எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை. (மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரே மேல் என்கிறார் அம்மா, அதில் வேறு கிருமி!) இரவெல்லாம் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரை இப்போது பூச்செடிக்கு விடுகிறோம். பழைய குழாய் இணைப்புகளை அதிகாரிகள் சோதித்து முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்ட முடியாதா?

ஒரு வாசகி, ஹட்டன்