பக்னரிடம் பந்து வருவதற்கு முன்பே ஸ்கோர் 5-5

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்முறை பேஸ்பாலின் மறக்க முடியாத தருணங்கள் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, 1986 உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டித் தொடர்) இரண்டே வரியில் முடித்துவிட்டது. முதல் பேஸைக் காத்த பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து புகுந்து போனதால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கோப்பையைக் கோட்டைவிட்டதாம். அமெரிக்காவிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் பேசினார்கள். ஆனால் அந்த இன்னிங்ஸைப் பந்து பந்தாகப் பார்த்தால் இந்தப் பழி நிற்காது.

1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், ஆறாவது ஆட்டம். தொடரில் ரெட் சாக்ஸ் 3-2 என முன்னிலை. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் ஆட்டம் 3-3. பத்தாவதில் ரெட் சாக்ஸின் டேவ் ஹெண்டர்சன் ஒரு ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) அடித்தார். பிறகு மார்ட்டி பாரெட்டின் சிங்கிளில் (அடித்தவர் முதல் பேஸை எட்டும் அடி) வேட் போக்ஸ் ஓடி வர, 5-3. பதிலுக்கு ஆட வந்த நியூயார்க் மெட்ஸ் அணியில் முதல் இருவரும் தூக்கியடித்து அவுட். மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும். இன்னும் ஒரே ஒரு அவுட் கிடைத்தால், 1918-க்குப் பிறகு ரெட் சாக்ஸின் முதல் கோப்பை.

அங்கிருந்து கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் மூவரும் வரிசையாக சிங்கிள் அடித்தார்கள். மூன்றும் ரெட் சாக்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) கால்வின் ஷிரால்டி வீசிய பந்துகள். அதிலும் நைட்டுக்கு இரண்டு ஸ்டிரைக் விழுந்திருந்தன (மூன்றானால் அவுட்), ஒரு ‘பால்’ (அடிக்கும் எல்லைக்கு வெளியே போகும் வீச்சு) கூட இல்லை. பிட்சருக்கு இதைவிடச் சாதகமான நிலை கிடையாது. அப்படியும் அவர் அடித்துவிட்டார். கார்ட்டர் வீடு சேர்ந்தார் (கடைசி பேஸை எட்டி ரன் எடுத்தார்), மிட்செல் மூன்றாம் பேஸுக்குப் போனார். 5-4.

ஷிரால்டிக்குப் பதில் பாப் ஸ்டான்லி வந்தார். எதிரே மூக்கி வில்சன். அந்த ஒரு பேட்டருக்கு மட்டும் பத்து பந்துகள். உண்மையான திருப்பம் ஏழாவது பந்துதான். பந்து உள்ளே வந்து வில்சனின் காலைக் குறிவைக்க, அவர் துள்ளி விலகினார். கேட்சர் ரிச் கெட்மன் கையுறையைக் குறுக்கே நீட்டியும் பந்து பின்னால் ஓடியது. மிட்செல் ஓடி வர 5-5. நைட் இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார். அந்தப் பந்து வில்சன் மேல் பட்டிருந்தால் அவருக்கு முதல் பேஸ் மட்டுமே கிடைத்திருக்கும். மூன்று பேஸும் நிரம்பியிருக்கும், ரன் வந்திருக்காது. ஸ்கோரர் இதை வைல்ட் பிட்ச் (பிட்சரின் தவறான வீச்சு) என்று ஸ்டான்லியின் கணக்கில் எழுதினார். கேட்சர் தடுத்திருக்க வேண்டிய பந்து என்ற வாதம் இன்றும் உண்டு. எப்படியானாலும் பக்னருக்கு இதில் பங்கில்லை.

பத்தாவது பந்தில்தான் அந்த மெதுவான தரையடி. முதல் பேஸ் கோட்டை ஒட்டி உருண்டு வந்தது. இத்தகைய பந்துக்குக் கையுறை முதலிலேயே மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். கீழிருந்து மேலே தூக்குவது எளிது, மேலிருந்து இறக்க நேரம் இருக்காது. கடைசித் துள்ளல் தாழ்வாக வந்ததால் பந்து கையுறைக்கு அடியில் நழுவியது. ஸ்கோர் புத்தகத்தில் முதல் பேஸ்மேனின் எண் 3 என்பதால், இது ‘இ-3’ (இ என்றால் எர்ரர், பிழை). நைட் வீடு சேர, 6-5. பக்னர் தவறு செய்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பந்தைப் பிடித்திருந்தாலும் ரெட் சாக்ஸ் வென்றிருக்காது. பிடித்து அவுட் எடுத்திருந்தால் ஆட்டம் 5-5 என்று பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். வில்சன் நல்ல ஓட்டக்காரர் வேறு. பக்னர் எறியும் பந்தை வாங்க ஸ்டான்லி அவருக்கு முன்னால் முதல் பேஸை எட்டியிருப்பாரா என்பதும் கேள்விதான்.

கேட்க வேண்டிய ஆள் மேலாளர் ஜான் மெக்னமாரா. கணுக்கால் வலியோடு உயரக் கழுத்துள்ள ஷூ போட்டு ஆடிய பக்னருக்குப் பதில், அந்தத் தொடரில் ரெட் சாக்ஸ் அதுவரை வென்ற மூன்று ஆட்டங்களிலும் கடைசிக் கட்டத்தில் டேவ் ஸ்டேபிள்டனை இறக்கியவர் அவர். அன்று மட்டும் இறக்கவில்லை.

இன்னொன்று, அது கடைசி ஆட்டமே அல்ல. அக்டோபர் 27-இல் ஏழாவது ஆட்டம் நடந்தது. அதிலும் ரெட் சாக்ஸ் 3-0 என முந்தியிருந்து, 8-5 எனத் தோற்றது. தோல்விக் கணக்கில் எழுதப்பட்ட பிட்சர், மறுபடியும் ஷிரால்டி.

இப்படிக்கு,
பேஸ்பால் பார்க்கும் வாசகர் ஒருவர்