லண்டன் பார்க்காமல் வந்ததைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஏர்போர்ட்டில்கூட மாப்பிள்ளை, "லண்டன் காட்ட முடியாமல் போச்சே மாமா" என்று வருத்தப்பட்டார். போனில் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள், அதனால் எழுதுகிறேன். முப்பத்து நாலு வருஷம் பஞ்சாலையில் கிடந்தவனுக்கு பழைய மில்கள் இருக்கிற லீட்ஸ்தான் பார்க்க வேண்டிய ஊர்.

அங்கே ஹோல்பெக் பகுதியில் எகிப்துக் கோயில் மாதிரி ஒரு கட்டடத்தின் முன்னால் நின்றுவிட்டேன், "குளிருதுப்பா, வாங்க" என்று இழுத்தாயே, அந்த டெம்பிள் ஒர்க்ஸ். ஆளி நாரில் லினன் நூல் நூற்க மார்ஷல் குடும்பம் 1840 வாக்கில் கட்டிய மில். தூண்களை எல்லோரும்தான் பார்ப்பார்கள். எனக்கு மனசு பூராவும் கூரை மேல். சுமார் இரண்டு ஏக்கர் கூரையில் மண் கொட்டிப் புல் வளர்த்து, அதை மேய ஆடு விட்டிருந்தார்களாம். மாப்பிள்ளை சொன்னதும் நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்று காய்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும் கண்ணு. சித்திரை வெயிலில், காற்றுக்கு ஈரம் கொடுக்கிற ஹியூமிடிட்டி பிளான்ட் நின்றுபோனால், நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் பிள்ளைகள் ஓடி ஓடி அறுந்த இழையை ஒட்டிப் பீஸ் போட்டுக் கை ஓய்ந்துவிடுவார்கள். திட்டு எனக்கு விழும். கரண்டே இல்லாத காலத்தில் உள்ளே ஈரம் நிற்க வேண்டும் என்று கூரையில் புல் வளர்த்தவன், நம்ம டிபார்ட்மென்ட் ஆள்.

கொஞ்சம் தள்ளி டவர் ஒர்க்ஸ். நாரைச் சீவி நேராக்குகிற கார்டிங், கோம்பிங் மிஷினுக்கு ஊசி செய்த இடம். அதில் ஒரு கோபுரம் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் தேவாலயத்து மணிக்கூண்டைப் பார்த்துக் கட்டியது. ஊசி விற்ற காசில் எவ்வளவு ஆசை! இங்கே எங்கள் மில் புகைபோக்கியை இடித்தபோதோ, நான் எதிர் டீக்கடையில் நின்றிருந்தேன். செங்கல்லை லோடு லோடாக விற்றார்கள்.

சால்டேர் அம்மாவுக்குத்தான் ரொம்பப் பிடித்தது. டைட்டஸ் சால்ட் 1853-ல் திறந்த மில், 1986-ல் மூடி, இப்போது உள்ளே டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள். மில் ஆட்களுக்காக அவர் கட்டிய ஊர் அது; தெருக்களுக்குத் தன் மனைவி மக்கள் பெயர், அவர் காலத்தில் சாராயக்கடைக்கு இடமே கிடையாது. தங்கமான மனுஷன் என்கிறாள். எனக்குச் சந்தேகம்தான். குடியிருக்கிற வீடும் முதலாளியுடையது என்றால், கூலி கேட்டு எவன் வாய் திறப்பான்?

அப்புறம் மால்ஹம் கிராமத்துக்குப் போகிற வழியில் காரை நிறுத்தச் சொன்னேனே, அது அந்தக் கல் சுவருக்காக. சிமெண்டு இல்லை, மண் பூச்சுகூட இல்லை, மலை மேல் வரை ஏறிப் போகிறது. ஓரிடத்தில் சரிந்து கிடந்ததால் உள்கட்டு தெரிந்தது. ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த இரண்டு சுவர், நடுவில் பொடிக்கல் திணிப்பு, இரண்டையும் கோத்துப் பிடிக்க இடையிடையே குறுக்கே ஒரு நீளக் கல். நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கிளுவைச் செடி வேலிக்கு உள்ள வேலைதான் அதற்கும். மேய்கிறது வெளியே போகக்கூடாது.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். டெம்பிள் ஒர்க்ஸ் கூரையில் ஆடு நிற்கிற பழைய படம் ஏதாவது கிடைத்தால் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பட்டும். இங்கே மில் ஆட்களிடம் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை.

அன்புடன்,
அப்பா